வாக்காளர் எண் 417-இன் பிரதி

"கல்யாணத்த மட்டும் நிறுத்திட்டீங்கன்னா போதும் மேடம். மத்ததெல்லாம் பிரமாதமா இருக்கு," என்றான் கட்சி அமர்த்தியிருந்த தேர்தல் ஆலோசகன் ஆதர்ஷ்.

சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடிவிட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, வேலாத்தூர் கட்சி அலுவலகத்தின் பழைய ஃபேன் தன் லேப்டாப்பின் மேல் தூசியைக் கொட்டிவிடுமோ என்ற கவலையில் திரையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான்.

பரிமளா கையில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தாள். தன் கல்யாணப் பத்திரிகையைக் கட்சிக்காரர்களுக்கு வைக்கத்தான் வந்திருந்தாள். மேலே மஞ்சள் தடவிய உறையைக் கொடுப்பதா, திரும்பப் பைக்குள் வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஏற்றுமதிக்குத் திரைச்சீலை தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கணவன் சிவராஜ் லாரி மோதி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் மோனிகா ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள். பதினொரு நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த குடிநீரை, நகராட்சி வாசலில் நூற்றிருபது காலிக் குடங்களோடு உட்கார்ந்து மூன்று நாளைக்கு ஒருமுறை வரவைத்தவள் பரிமளா. பதினாலாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் மாவட்டமே வீடு தேடி வந்து, "சீட்டு உனக்குத்தான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். கட்சியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் தன்னை ஒரு மாவட்டமாகவே பாவித்து, மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங் தம்பி, எங்கல்யாணத்துக்கும் எங்க வார்டுத் தண்ணிக்கும் என்னங் சம்பந்தம்?" என்று கேட்டாள் பரிமளா.

"என்னைக் கேட்டா சம்பந்தமே இல்ல மேடம். நான் ரொம்ப முற்போக்கு. ஆனா உங்க வார்டு லேடீஸ் இருக்காங்களே..." செருப்புக் காலால் எதையோ மிதித்தவன்போல முகத்தைச் சுளித்தான். "குடும்பப் பெண், நாற்பது ப்ளஸ், சீரியல், கோயில். இது ஒரு குரூப். இந்த குரூப்தான் உங்க வார்டோட முதுகெலும்பு. நீங்க விதவையா நின்னா நூத்துக்கு அறுபத்தொரு பேர் போடுவாங்க. மறுமணம் பண்ணிட்டு நின்னா ஒம்போது."

"யார்கிட்டக் கேட்டீங்க? எங்க தெருவுல ஒருத்தரும் வந்து கேக்கலியே."

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம் மேடம். அதுதான் எங்க கம்பெனியோட விசேஷமே. வோட்டர் லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் உள்ள ஒரு பிரதி வச்சிருக்கோம். அவங்க மாதிரியே யோசிக்கும், அவங்க மாதிரியே பேசும். வீடுவீடா போய் கதவைத் தட்டறதெல்லாம் அந்தக் காலம். வேலாத்தூர் மொத்தத்தையும் நாலு நிமிஷத்துல கேட்டு முடிச்சிடுவேன்."

"அவங்க மாதிரியே பேசும்னா, அவங்க பேசறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் எல்லாத்துக்கும் இலவசமா பத்திரிகை அடிச்சுத் தர்ற ஆப் ஒண்ணு இருக்கே, உங்க ஊர்ல எல்லார் போன்லயும்? அது எங்களோடது. உள்ள போறப்ப 'சரி'ன்னு ஒரு பட்டன அமுக்குவீங்க. அதுக்கப்புறம் உங்க குடும்ப குரூப்ல ஓடற பேச்செல்லாம் எங்களுக்குப் பாடப் புத்தகம்."

பரிமளா கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள். மோனிகா அந்த ஆப்பில்தான் அடித்திருந்தாள். இரண்டு மயில்கள் மாலையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"நம்பிக்கை இல்லன்னா நீங்களே பேசிப் பாருங்க. எண் 402," என்று தட்டினான் ஆதர்ஷ்.

402 அவள் பக்கத்து வீட்டுச் சரசு அக்கா. சுவருக்கு இந்தப்பக்கம் பரிமளா அடுப்பில் என்ன வைத்திருக்கிறாள் என்று அந்தப்பக்கமிருந்தே சொல்லிவிடக்கூடியவள்.

"பரிமளா கல்யாணம் பண்ணிக்கிட்டு எலெக்‌ஷன்ல நின்னா ஓட்டுப் போடுவீங்களா?" என்று ஆதர்ஷ் கேட்டான்.

"அய்யோ சாமி!" என்றது லேப்டாப். சரசு அக்காவின் அதே குரல், அதே இழுவை. "வயசுக்கு வந்த புள்ளைய வெச்சுக்கிட்டு இதென்ன கூத்துங்? தாலி ஒருதடவதாங். அவளுக்குப் போய் நான் ஓட்டுப் போட்டா எம் மாமியா என்ன உசுரோட வெப்பாங்களா?"

போன வாரம் கூடச் சரசு அக்கா பரிமளாவுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தாள். கல்யாணச் சேதியைச் சொன்னபோது கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி சரி" என்றாள். அந்தச் "சரி"க்கு இதுதான் அர்த்தமா?

"இன்னும் ரெண்டு பேர்கிட்டப் பேசறீங்களா?"

"417 போடுங்க," என்றாள் பரிமளா.

ஆதர்ஷ் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீங்களேவா? சூப்பர். யாருமே கேட்டதில்ல."

லேப்டாப் ஒரு கணம் யோசித்தது. பிறகு பரிமளாவின் குரல், பரிமளாவை விடக் கொஞ்சம் பணிவாகச் சொன்னது: "அது நல்லா இருக்காதுங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. புள்ளையப் பாத்துக்கிட்டே காலத்த ஓட்டிறலாமுங்க."

"பாத்தீங்களா? நீங்களே உங்களுக்குப் போட மாட்டீங்க," என்று தொடையில் தட்டிக்கொண்டான் ஆதர்ஷ். மாவட்டமும் சோபா குலுங்கச் சிரித்தார்.

பரிமளா சிரிக்கவில்லை. அந்த வார்த்தைகளை அவளுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்பு, 'அங்காளம்மன் துணை' என்ற குடும்ப குரூப்பில், சிவராஜின் சித்தப்பா மகள் வசுமதியின் மறுமணப் பேச்சு வந்தபோது அவள் கையாலேயே எழுதியவை. அந்த குரூப்பில் மாமியார் இருந்தார், நாத்தனார்கள் மூன்று பேர் இருந்தார்கள், எல்லோரும் கருத்துச் சொல்லியிருந்தார்கள். சிவராஜின் மனைவி மட்டும் வாயைத் திறக்காமலிருந்தால் அவளுக்கும் அந்த எண்ணம் இருக்கிறதென்று ஆகிவிடும். அதனால் எழுதினாள். கும்பிடும் கை எமோஜி இரண்டும் போட்டாள். அடுத்த நிமிடம் 'வசுமதி குழுவிலிருந்து வெளியேறினார்' என்று வந்தது. வசுமதிக்கு அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. அன்று எழுதிய கை, இப்போது அவள் கட்டிக்கொள்ளப்போகிற தனபாலின் எண்ணைப் போனில் 'பெயிண்ட் கடை' என்று சேமித்து வைத்திருந்தது என்பது எந்த குரூப்புக்கும் தெரியாது.

"தம்பி, இது நான் இல்லீங்க. இது மாமியா முன்னால உக்காந்திருக்கிற நான்."

"புரியல மேடம்."

"புரியாதுங்க. குடும்ப குரூப்புல பொம்பளைங்க மனசுல இருக்கறத எழுதுவாங்கன்னு உங்ககிட்ட யார் சொன்னது? உங்கம்மா எழுதுவாங்களா?"

"எங்கம்மா தினம் குட் மார்னிங் போடுவாங்க," என்றான் அவன், அது பதில் என்று நினைத்து. "மேடம், ஃபீலிங்ஸ் வேற, டேட்டா வேற. போன மூணு தேர்தல்ல எங்க பிரதிங்க நூத்துக்கு ரெண்டு கூடத் தப்பல."

"தோப்பாங்கன்னு உங்க பிரதி சொன்ன ஆரையாச்சும் எந்தக் கட்சியாச்சும் நிறுத்துச்சா?"

"எதுக்கு நிறுத்தணும்? அதான் தோப்பாங்களே."

"அப்பத் தப்பா ரைட்டான்னு எப்படிங் தெரிஞ்சுச்சு?"

ஆதர்ஷ் மாவட்டத்தைப் பார்த்தான். படித்தவன் முகத்தில் அப்படியொரு வெறுமையைப் பரிமளா அதற்கு முன் பார்த்ததில்லை. அவனுக்கு அந்தக் கேள்வி உறைக்கவே இல்லை.

மாவட்டம் தொண்டையைச் செருமினார். "இத பாரு தங்கச்சி. போஸ்டரே ரெடி." ஆள் விட்டு ஒரு சுருளை விரிக்கச் சொன்னார். வெள்ளைப் புடவையில் பரிமளா. அவள் அப்படியொரு புடவை கட்டியதே இல்லை. பின்னால் மேகத்துக்குள் மாலை போட்ட சிவராஜ். மேலே 'தியாகத் தாய்' என்று பெரிய எழுத்து. நெற்றியில் எப்போதும் வைக்கிற சின்னச் சாந்துப்பொட்டைக் கூட அழித்திருந்தார்கள்.

"பொட்டு இல்லன்னா நாலு பர்சன்ட் கூடுது," என்றான் ஆதர்ஷ்.

"கல்யாணத்த ஜெயிச்சுட்டுப் பண்ணிக்க," என்றார் மாவட்டம். "இல்லாட்டி அதுவும் வேண்டாம், அடுத்த எலெக்‌ஷன் வந்துரும். உனக்கென்ன, பழகின கட்டைதானே. ஒம்போது வருசம் இருந்தவளுக்கு இன்னொரு அஞ்சு வருசம் பெரிசா?"

பரிமளா பத்திரிகையை மேஜைமேல் வைத்தாள். "ஆவணி பன்னெண்டு. குடும்பத்தோட வந்துருங்ணா," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீறாப்பாக எழுந்து வந்துவிட்டாளே தவிர, தெருவில் இறங்கியதும் கால் தனபாலின் ஷெட் பக்கமாகத்தான் நடந்தது. அவளுக்குக் கவுன்சிலர் நாற்காலியின் மேல் ஆசை இருந்தது. மூன்று நாள் தண்ணீரைத் தினமும் ஆக்க வேண்டும் என்கிற ஆசை, நகராட்சிக் கூட்டத்தில் கமிஷனரை நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்கிற ஆசை. தனபாலின் மேலும் ஆசை இருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏதோ ஒரு லேப்டாப் பெட்டி சொல்கிறது.

தனபால் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் பெயிண்டராக இருந்தான். நாற்பத்தேழு வயது வரை, பக்கவாதம் வந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் தனக்கென ஒரு கல்யாணத்தை மறந்துபோனவன். அவள் போனபோது ஒரு புதுப் பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தள்ளி வெச்சுக்கலாம் பரிமளா. நான் எங்க போறேன்?" என்றான்.

"அதானே! நீங்க எங்க போவீங்க? உங்களுக்கும் ஒரு பிரதி இருக்கும். அதுவும் இதையேதான் சொல்லும். 'நான் எங்க போறேன், நான் எங்க போறேன்'னு."

"இதென்ன வம்பு! சண்ட போடலைன்னாலும் சண்டையா?"

"நானு கேக்கறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுங்க. அஞ்சு வருசம் காத்திருப்பீங்களா?"

தனபால் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தான். "இருப்பேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. பஸ்ஸுக்குக் கலருக்கு முன்னாடி அடிக்கிற பிரைமர் காயணும், நெசந்தான். அதுக்குன்னு மேல கலர் அடிக்காம வெயில்லயே போட்டு வெச்சம்னா வெடிச்சுப் போயிரும். அப்பறம் சுரண்டிட்டு மொதல்லருந்து அடிக்கோணும். எனக்கு இன்னொருக்கா மொதல்லருந்து அடிக்கத் தெம்பு இல்ல."

இத்தனை வருடத்தில் அவன் பேசிய மிக நீளமான காதல் வசனம் அதுதான். பரிமளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூக்குல பச்ச பெயிண்ட் ஒட்டியிருக்குது," என்றாள்.

ஆவணி பன்னிரண்டில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மோனிகா சாட்சி. மறுநாள் சுயேச்சையாக மனுத் தாக்கல். சின்னம் தையல் மிஷின். கட்சி, மாவட்டத்தின் மைத்துனர் மனைவி சுகந்தியை நிறுத்தியது. சுகந்திக்கு வார்டின் எல்லை எது என்பதை வேனிலிருந்த ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிரசாரம் என்று போனால் ஆண்களெல்லாம் வாழ்த்தினார்கள். டீக்கடையில் நான்கு பேர் எழுந்து நின்று, "பெரிய புரட்சிங்க! உங்களுக்குத்தான் எங்க ஓட்டு," என்றார்கள். பெண்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சரசு அக்கா வீட்டு வாசலில் பரிமளா நோட்டீஸை நீட்டியபோது, உள்ளே கட்டிலில் கிடந்த மாமியாருக்குக் கேட்கிற மாதிரி, "எங்க ஓட்டு எப்பவும் கட்சிக்குத்தாங்! நாங்க குடும்பத்து ஆளுங்க!" என்றாள். நோட்டீஸை மட்டும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பல்லியை அடிக்கவோ, பால் பாத்திரம் மூடவோ ஆகும் என்று பரிமளா நினைத்துக்கொண்டாள். பெட்டி சொன்னது சரிதானோ என்ற பயம் அன்று முழுக்க அவளை விடவில்லை.

உள்ளாட்சித் தேர்தலில் பதினாலாவது வார்டுக்கு ஆண்களுக்கு ஒரு சாவடி, பெண்களுக்கு ஒரு சாவடி. அதனால் எண்ணும்போது ஆண்கள் யாருக்கு, பெண்கள் யாருக்குப் போட்டார்கள் என்பது பிரிந்து தெரிந்துவிடும். அந்தச் சங்கதியை ஆதர்ஷின் பிரதிகள் யோசித்திருக்க நியாயமில்லை. பிரதிகள் வரிசையில் நின்றதில்லையே.

ஆண்கள் சாவடி முதலில் எண்ணப்பட்டது. சுகந்தி 345. பரிமளா 96. எழுந்து நின்று வாழ்த்திய டீக்கடை மொத்தமும் புரட்சியை அங்கேயே டம்ளரோடு கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தது. கட்சிக்காரர்கள் வாசலில் பட்டாசுச் சரத்தைப் பிரித்தார்கள். தனபால் பரிமளாவின் தோளைத் தொட்டு, "வா, போலாம்," என்றான்.

பெண்கள் சாவடி. சுகந்தி 181. பரிமளா 437.

ஏழு ஓட்டு வித்தியாசத்தில் பரிமளா ஜெயித்தாள்.

பிரித்த பட்டாசை மடித்து எப்படிப் பைக்குள் வைப்பது என்று கட்சிக்காரர்கள் திண்டாடியதை அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். மாவட்டம் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தெரு குரூப்பில் சரசு அக்கா எழுதினாள்: "காலம் கெட்டுப் போச்சு. ஆண்டவன்தான் காப்பாத்தணும்." கும்பிடும் கை மூன்று. பத்து நிமிடம் கழித்துப் புறக்கடைப் பக்கம் வந்து, ஒரு முழம் மல்லிகையைப் பரிமளாவின் தலையில் அவளே வைத்துவிட்டு, "அசையாத புள்ள, ஊசி குத்தும்," என்றாள். யாருக்குப் போட்டாள் என்று பரிமளா கேட்கவில்லை. சரசு அக்காவின் விரலில் மை மட்டும் இருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்.

பதினான்கு மாதம் கழித்து, கவுன்சிலர் பரிமளா குழாய் பதிக்கிற இடத்தில் குடை பிடித்து நின்றிருந்தபோது போன் வந்தது.

"மேடம், ஆதர்ஷ் பேசறேன். ஞாபகம் இருக்கா? உங்களாலதான் எங்க பிரதிங்க ரொம்ப முன்னேறிடுச்சு. உங்க வார்டு ரிசல்ட்டை உள்ள ஊத்தி மறுபடி பழக்கினோம். இப்ப அந்த குரூப்புக்கே பேரு மாத்தியாச்சு. 'மறுமண ஆதரவு, நாற்பது ப்ளஸ்.' விதவைக் கேண்டிடேட் கல்யாணம் பண்ணிக்கிட்டா பிளஸ் இருபத்து மூணு!"

"சரிங் தம்பி. தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க. சந்தோசம்."

"தப்பெல்லாம் இல்ல மேடம், அப்டேட். இப்ப ஒரு சின்ன உதவி. செங்காளிபுதூர் இடைத்தேர்தல்ல கௌசல்யான்னு ஒருத்தங்கள நிறுத்தறாங்க. முப்பத்தெட்டு வயசு. ஹஸ்பண்ட் போய் ரெண்டு வருஷம். இன்னும் இருபது நாள்ல அவங்களுக்குக் கல்யாணம் ஆயாகணும். மாப்பிள்ளையெல்லாம் கட்சியே பாத்தாச்சு. அவங்கதான் கொஞ்சம் அழுதுட்டே இருக்காங்க. செத்துப்போனவரையே நினைச்சுட்டு இருக்காங்க போல. நீங்க ஒரு வார்த்தை பேசினீங்கன்னா..."

குடை அவள் கையில் சாய்ந்தது. வெயில் முகத்தில் அடித்தது.

"அந்தப் புள்ள வேண்டாங்குதா?"

"அவங்க என்னமோ சொல்றாங்க மேடம். அது பரவால்ல. அவங்க பிரதி சம்மதிச்சிடுச்சு."

பரிமளாவுக்கு அவனைத் திட்டுவதற்கு வேலாத்தூரில் புழங்கும் அத்தனை சொற்களும் வாய்வரைக்கும் வந்தன. ஒன்றையும் செலவழிக்கவில்லை. திட்டினால் அதையும் உள்ளே ஊற்றிப் பழக்கிவிடுவான். "நம்பர் குடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது மணியில் எடுத்தாள் கௌசல்யா.

"கண்ணு, நான் வேலாத்தூர் பரிமளா பேசறேன். உன்னைய ஒண்ணு கேக்கோணும். உனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமா?"

பின்னால் ஆண் குரல்கள் கேட்டன, யாரோ காபி கேட்டார்கள். பிறகு கௌசல்யா, பாடம் ஒப்பிப்பதுபோல, மிகப் பணிவாகச் சொன்னாள்: "விருப்பந்தாங்க. பெரியவங்க பாத்துச் செஞ்சா சரியாத்தானுங்க இருக்கும்."

அந்தக் குரல் பரிமளாவுக்கு நன்றாகத் தெரியும். கட்சி அலுவலகத்து லேப்டாப்பில் தன் பிரதி அதே குரலில் பேசக் கேட்டிருக்கிறாள். வசுமதியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்று அவள் கேட்காமல் விட்டிருந்தாள்.

"பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா கண்ணு?"

"ஆமாங்."

"போன எடுத்துக்கிட்டு வெளிய வா. ஒரு அவசரமும் இல்ல. நீ வந்து சேர்ற வரைக்கும் நான் வெக்க மாட்டேன்."

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. "யாரு போன்ல?" என்று ஒருவர் கேட்டார். "துணிக் கடைங்க," என்றாள் கௌசல்யா. செருப்பைத் தேடிக் கால் துழாவியது. படி இறங்கியது. இரும்புக் கேட் கிறீச்சிட்டது. பிறகு வண்டிகளின் இரைச்சல். ஒரு நீண்ட மூச்சு.

பரிமளா குடையை மடக்கிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவளுடைய முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.